காஜாவும் கழுகுப் பொத்தானும்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தறியை இனி மகன் பார்த்துக்கொள்வான் என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. மூட்டுவலியை மட்டும் தள்ளிப்போடாதே, டாக்டரைப் போய்ப் பார்.

இங்கே எனக்குப் புது வேலை ஒன்று சேர்ந்திருக்கிறது. துணி சமாச்சாரம், அதனால் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் கறுப்பின நண்பர் ஒருவர், அமெரிக்க உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் குழுவில் இருக்கிறார். பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் வில்லியம் பென் முகாமில் 1863-ல் திரட்டிய 6-வது கறுப்பினக் காலாட்படைதான் அவர்கள் எடுத்துக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குச் சீருடை வாங்க வேண்டும், துணி தெரிந்த ஆள் வா என்று என்னையும் கூட்டிப் போனார்.

எந்தப் படை, எந்த வருடம் என்று முதலில் முடிவு செய்யாமல் எதையும் வாங்கக் கூடாது. 1861 டிசம்பரில் வந்த உத்தரவோடு காலாட்படையின் கால்சட்டை கருநீலத்திலிருந்து வான்நீலத்துக்கு மாறிவிட்டது. ஆகவே 1863-ல் சேர்ந்தவனுக்குக் கருநீலக் கால்சட்டை மாட்டிவிட்டால் தப்பு. கோட்டு கருநீலக் கம்பளி பிளானல், நான்கு பித்தளைப் பொத்தான், ஒவ்வொன்றிலும் கழுகு. பிலடெல்பியாவிலேயே இருந்த ஸ்கூல்கில் ஆயுதச்சாலை என்ற ராணுவக் கிடங்கு, வெட்டிய துணியை வீட்டுப் பெண்களிடம் கொடுத்துக் கையால் தைத்து வாங்கியது. பக்கத்து முகாமுக்கு அந்தக் கோட்டு போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் கடையில் கோட்டை எடுத்ததும், காஜா கையால் போட்டதா என்றுதான் முதலில் திருப்பிப் பார்த்தேன்.

ஒரு கடையில் 'அசல் கம்பளி' என்று சொல்லிக் கொடுத்தார்கள். உள்மடிப்பிலிருந்து ஒரு பிசிரை உருவி, வெளியே வந்து வத்திக்குச்சியில் காட்டினேன். கம்பளி என்றால் முடி கருகின வாடை வந்து சாம்பல் பொடிந்துவிடும். இது உருகி, கடுகு மாதிரி உருண்டு நின்றது. பாதிக்கு மேல் பாலியெஸ்டர்! கருமருந்துப் பொறி தெறிக்கும் இடத்தில் இதைப் போட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று குழுவிலேயே சிலர் கேட்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், உடைப்படி தனி. கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்துக்கொண்டார்கள். 1864 ஜூனில்தான் நாடாளுமன்றம் சட்டம் போட்டுச் சரிசெய்தது. கழுகுப் பொத்தானும் தோளில் துப்பாக்கியும் ஏறிவிட்டால் அவன் குடிமகன் ஆவதை எந்தச் சக்தியும் மறுக்க முடியாது என்று, அடிமையாய்ப் பிறந்து கறுப்பினத் தலைவரான பிரெடரிக் டக்ளஸ் பேசியது இந்த உடையை வைத்துத்தான். அந்த 6-வது படை 1864 செப்டம்பர் 29-ல் வர்ஜீனியாவில் நியூ மார்க்கெட் ஹைட்ஸ் சண்டையில் ஏராளமான பேரைப் பறிகொடுத்தது. அவர்கள் கூலியில் பிடித்த கோட்டை நாம் ஏனோதானோவென்று போடலாமா, நீயே சொல்.

அப்புறம், உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். அந்தக் காலத்துக் கோட்டுக்கு அவுரிச் சாயம்தான். ஒரு கோடைகாலம் வெயிலிலும் வியர்வையிலும் கிடந்தால் அவுரி போட்ட கம்பளி எந்த இடத்தில் முதலில் வெளுக்கும், தோளிலா முழங்கையிலா? திண்டிவனம் பக்கம் அவுரி எடுக்கிறவர்களை உனக்குத் தெரியுமே, கேட்டு எழுது. முடிந்தால் சாயம் தோய்த்த கம்பளித் துண்டு ஒன்றும் அனுப்பு.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்