பதிவேட்டில் 17, நாடாவில் 23

எங்கள் கோட்டத்து வன அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன ஆடிக் காற்றில் தேக்குத் தோட்டத்தில் ஒரு மரம் வேரோடு சாய்ந்த விவரம் உங்களுக்கு வந்திருக்கும். அந்த அறிக்கையில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கிடந்த மரத்தின் மேல் நாடாவை ஓட்டிப் பார்த்தோம். அடியிலிருந்து நுனி வரை 23 மீட்டர். பட்டையில் சிவப்பு பெயிண்ட் எண் அழியாமல் இருந்தது. பதிவேட்டில் அதே எண்ணுக்கு நேரே 17 மீட்டர். அதை எழுதியவன் நான்தான்.

சுற்றளவுக்கு நாடா தந்திருக்கிறீர்கள். தரையிலிருந்து 1.37 மீட்டரில் குறி போட்டு, பாசியைச் சுரண்டி, சென்டிமீட்டர் பிசகாமல் எடுக்கிறோம். உயரத்துக்கு? "பார்த்துப் போடுப்பா" என்கிறார்கள். ஒருவர் நாலு மீட்டர் மூங்கிலை அடிமரத்தோடு சேர்த்துப் பிடிப்பார். இன்னொருவர் தள்ளி நின்று, அது மேலே எத்தனை முறை அடங்கும் என்று கண்ணாலேயே எண்ண வேண்டும். தள்ளி நிற்க இடம் எங்கே ஐயா? உண்ணிச்செடிக்குள் பத்தடி பின்னால் போனால் சரிவு. அண்ணாந்தால் பக்கத்து மரத்து இலை மறைக்கிறது. உச்சி எது, முன்னால் நீட்டிய கொப்பு எது என்று தெரியாது. காலில் அட்டை ஏறும். யானை கிளை ஒடிக்கும் சத்தம் கேட்டால், மனதில் பட்டதை எழுதிவிட்டு நகர்வோம்.

தேக்குக்கு மண்ணின் தரத்தை உயரத்தை வைத்துத்தான் பிரிக்கிறோம். சுற்றளவு மரங்களின் நெருக்கத்தைப் பொறுத்து மாறும், உயரம் அவ்வளவாக மாறாது. எத்தனை மரத்தை எடுப்பது, எத்தனையை விடுவது, எப்போது வெட்டுவது எல்லாம் அந்தத் தரத்தைப் பிடித்தே போகிறது. 23-ஐ 17 என்று எழுதினால் அந்த மரத்தின் கன அளவில் முழுசாகக் கால் பங்கு காணாமல் போகிறது.

ஒவ்வொரு குழுவுக்கும், உச்சியைப் பார்க்கும் கோணத்தைக் காட்டும் ஒரு கிளினோமீட்டரும், மரத்திலிருந்து நாங்கள் நிற்கும் தூரத்தை அளக்க 30 மீட்டர் நாடாவும் கொடுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

மலேசியாவின் சபா காட்டில் 100 மீட்டரைத் தாண்டிய ஒரு மரத்தை லேசர் அளவையில் கண்டுபிடித்தார்கள். அதோடு விட்டுவிடவில்லை. 2019-ல் ஒருவர் உச்சி வரை ஏறி நாடாவை இறக்கினார், 100.8 மீட்டர் என்று உறுதியானது. இங்கே கூட்டத்துக்குக் கூட்டம் செயற்கைக்கோள், ட்ரோன், கார்பன் கணக்கு என்று பேசுகிறீர்கள். அந்தக் கணக்கையெல்லாம் தரையில் எடுத்த அளவை வைத்துத்தானே சரிபார்க்க வேண்டும்? தரையில் நிற்கும் எங்கள் கையில் ஒரு மூங்கில்தான் இருக்கிறது. மூன்று மாதக் கூலியும் நிலுவையில் இருக்கிறது. சரி, அதை வேறு மனுவில் எழுதுகிறேன்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னியுங்கள். தேக்கு இலை உதிர்த்து நிற்கும் தை, மாசியில் உச்சி தெளிவாகத் தெரியும். அப்போது தீத்தடுப்பு வேலையும் இருக்கும் என்பது தெரியும். உயரம் எடுக்க மட்டும் ஒரு வாரம் விடுங்கள் போதும். அதற்குள் கிளினோமீட்டரும் நாடாவும் வந்து சேர ஏற்பாடு செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மரம் அளக்கும் குழுவில் ஒருவன்