மாட்டு லொறியும் மரக்கறிச் சோறும்

கொக்கட்டிச்சோலை

அன்புள்ள மச்சான்,

இங்கே நலம். அங்கே எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். சின்னவளின் நிக்காஹ் படங்களைப் பார்த்தோம். மருமகன் உன்னைவிட ஒரு சாண் உயரம் என்பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உம்மாவுக்கு முழங்கால் எப்படி? எங்கள் மூத்தவன் கட்டாரில்தான் இருக்கிறான், தையில் வருவானாம். வாழைக்காய் மாஸ்டர் தவறிப்போன செய்தி உனக்கும் வந்திருக்கும். செத்த வீட்டில் நம் செற்றில் பாதிப் பேரைக் கண்டேன். எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள், அந்தச் சட்டி விஷயத்தை இன்னும் ஒருவனும் மறக்கவில்லை.

போனில் சொல்லலாம் என்று இரண்டு மூன்று தரம் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். இது போனில் சொல்லி முடிகிற காரியம் இல்லை. சில இடங்களில் உனக்குக் கோபம் வரலாம். வந்தாலும் கடைசி வரை வாசி.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை எங்கள் சந்தியில் ஒரு மாட்டு லொறியை மறித்துவிட்டார்கள். மறித்தது எல்லாம் பெடியன்கள். நம்மிடம் படித்தவர்களின் பிள்ளைகள். முதலில் அனுமதிப் பத்திரத்தைக் கேட்டார்கள். சாரதி வயதான மனிசன், எடுத்துக் காட்டினார். பத்திரத்தில் உள்ளதைவிட ஒரு உருப்படி கூட நிற்கிறது என்றார்கள். பிறகு கோமாதா என்றார்கள். அதற்குப் பிறகு பேச்சு மாட்டை விட்டுக் காணிக்குப் போனது, கடைக்குப் போனது, தமிழரும் முஸ்லிம்களும் மாறி மாறிச் செத்த 90ஆம் ஆண்டுக்குப் போனது. அந்தக் கதை தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று உனக்கும் எனக்கும் தெரியும். பொலிசுக்குச் சொன்னார்கள். பொலிஸ் வர நேரமாயிற்று. எல்லோர் கையிலும் போன், எல்லோரும் படம் பிடிக்கிறார்கள்.

உச்சி வெயில் மச்சான். லொறிக்குள் நின்றதெல்லாம் நாம்பன்களும் எருமைக் கடாக்களும். படுக்கக்கூடாது என்று மூக்கணாங்கயிற்றை மேலே கம்பியோடு சேர்த்து இழுத்துக் கட்டியிருந்தது. தலையைக் கீழே போட வழியில்லை. ஒரு கடாவின் மூக்குத் துவாரம் கிழிந்து, வடிந்த இரத்தம் காய்ந்து, அதில் இலையான் மொய்த்துக்கொண்டிருந்தது. நாக்கு வெளியே தொங்குகிறது. எருமைக்கு வெயில் ஆகாது, தண்ணீரில் கிடக்கிற பிராணி அது. பின்னால் ஒன்று கால் மடிந்து விழுந்துவிட்டது. கயிறு கழுத்தை இறுக்க, மற்றது அதன் விலாவை மிதித்துக்கொண்டு நிற்கிறது. கூடி நின்றவர்களில் ஒருவர்கூட ஒரு வாளி தண்ணீர் கொண்டுவரவில்லை. நான் சாரதியிடம் போனபோது, “சேர், நானும் கேட்டுட்டன், பின்கதவத் திறக்க விடுறாங்க இல்ல” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பக்கத்து வளவில் வாளி வாங்கி, பலகை இடுக்கால் ஊற்றினோம். பலகையில் வழிந்த தண்ணீரை அவை நக்கின.

அப்போதுதான் அந்தக் குறியைக் கண்டேன். மூக்குக் கிழிந்த கடாவின் பின்தொடையில் எங்கள் மாமாவின் பட்டிக்குறி. போன வருடம் பட்டியில் குறி சுட்ட அன்று நானும் நின்றேன். அதை விற்றது நாங்கள். வாங்கியவர் யாருக்கு விற்றார், அவர் யாருக்கு விற்றார் என்பதெல்லாம் பிறகு. புறப்பட்ட இடம் எங்கள் பட்டி.

பட்டிக் காரியம் உனக்குத் தெரியாததா? எங்கள் படுவான்கரைக்கு நீ வந்தால் தயிர்ச் சட்டி இல்லாமல் திரும்பிப் போனதே இல்லை. எருமை, கன்று இல்லாமல் பால் விடாது. விடியப்புறம் கன்றை அவிழ்த்து விட்டால் ஓடிவந்து மடியை முட்டி முட்டிக் குடிக்கும். பால் இறங்கினதும் அதை இழுத்துத் தாயின் முன்னங்காலோடு கட்டுகிறோம். வாயில் நுரையோடு அது நிற்கும், தாய் அதை நக்கிக் கொடுக்கும், அந்த நேரத்தில் நாங்கள் கறக்கிறோம். அது பெட்டைக் கன்று என்றால் பட்டியில் வளரும். கடாக்கன்று என்றால்? என் சின்ன வயதில் கடாவுக்கு வேலை இருந்தது. வயல் வட்டையில் சேறு மிதிக்க அதுதான், களத்தில் கதிர் மிதித்துச் சூடு போட அதுதான். பிறகு உழவு மெஷின் வந்தது, வெட்டு மெஷின் வந்தது. இப்போது ஒரு பட்டிக்கு ஒன்றிரண்டு கடா போதும். மிச்சத்துக்கு லொறியைத் தவிர வேறு வழி இல்லை. சட்டித் தயிர் வேண்டும் என்றால் கன்று பிறக்க வேண்டும், பிறக்கிற கன்றில் பாதி கடா. இதை மாட்டு இறைச்சி தின்கிறவனின் பாவம் என்று மட்டும் எப்படிச் சொல்வது?

அடுத்த நாள் கோயிலில் கூட்டம். இனி மாட்டு வியாபாரிகளை ஊருக்குள் விடக்கூடாது என்று தீர்மானம் போடப் பார்த்தார்கள். நான் எழும்பி இதைத்தான் கேட்டேன். வியாபாரியை மறித்தால் கடாக்கன்றுகளை யார் வளர்ப்பது? மேய்ச்சல் தரை எங்கே இருக்கிறது? மயிலத்தமடு, மாதவனையில் தரை பறிபோகிறது என்று பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் குந்தினார்களே, தீனுக்குள் மறைத்து வைத்த வாய்வெடியைக் கடித்துத் தாடை பிளந்த மாடுகளின் படத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தார்களே, அங்கே போய் ஒரு நாள் இருந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்டேன். போர்த்துக்கீசன் முன்னால் எங்கள் கோயில் கல் நந்தி எழும்பிப் புல் தின்ற கதையைப் பிள்ளைக்குப் பிள்ளை சொல்லி வளர்ந்த ஊர் இது. உயிரோடு நின்ற கடாவுக்கு ஒரு வாளி தண்ணீர் கொடுக்க இந்த ஊரில் ஆள் இருக்கவில்லை. இதையும் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. “மாஸ்டர் அவங்கட பக்கம் கதைக்கிறார்” என்றான் ஒருவன். நான் மாட்டின் பக்கம் கதைக்கிறேன் தம்பி என்றேன். அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அன்று இரவு நித்திரை இல்லை. நம் ஊர்களில் இறைச்சி என்றாலே பேச்சு யார் தின்கிறான் என்பதில்தான் தொடங்குகிறது. மிருகம் என்ன பட்டது என்று கேட்க ஆளில்லை. 2020இல் மாடு அறுப்பதைத் தடை செய்யப் போகிறோம் என்று அமைச்சரவை தீர்மானம் எடுத்தது நினைவிருக்கும். தின்கிறவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து மாட்டிறைச்சி இறக்கிக் குறைந்த விலையில் கொடுப்போம் என்பதும் அதே தீர்மானத்தில் இருந்தது. வேறு நாட்டில் அறுத்தால் அந்த மாட்டுக்கு வலிக்காதா? அதில் மாட்டைப் பற்றிய அக்கறை எங்கே இருக்கிறது? அன்றைக்கு நீ போனில் எவ்வளவு நொந்து பேசினாய் என்பதை நான் மறக்கவில்லை.

சைவக்காரர்களையும் விட மாட்டேன். வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் படாமல் இருந்துவிட்டு, பால்மா கரைத்துத் தேத்தண்ணி குடிக்கிறோம். நம் நாட்டுக்கு வருகிற பால்மாவில் பெரும்பங்கு நியூசிலாந்திலிருந்து வருகிறது. அங்கே பால் பண்ணையில் வேண்டாத கன்றுகளைப் பிறந்து சில நாளிலேயே கொல்களத்துக்கு அனுப்புகிறார்கள், ஒவ்வொரு வருடமும் இலட்சக்கணக்கில். இதை எனக்குச் சொன்னது மகள். வந்தாறுமூலையில் விவசாயம் படிக்கிறாளே, அவள் பால், தயிர், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். மனுசிக்கு அழுகை. பிள்ளை உருகிப் போகும் என்கிறாள். பருப்பு, கௌபி, கீரை, நிலக்கடலை எல்லாம் அவள் கணக்காகத்தான் சாப்பிடுகிறாள். பி12 மட்டும் அந்தச் சாப்பாட்டில் கிடைக்காது, அதற்குக் குளிசை எடுக்கிறாள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

அவளோடு நான் சண்டை பிடித்தேன். உன் மரக்கறிச் சோற்றிலும் இரத்தம் இருக்கிறது பிள்ளை என்றேன். வேளாண்மையைக் காக்கப் பன்றிக்கு வெடி வைக்கிறார்கள், யானைக்கு மின்கம்பி கட்டுகிறார்கள். 2023இல் மட்டும் இந்த நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன, அதில் எத்தனையோ வயலோரத்தில் செத்தவை. அறுவடை முடிந்து பட்டி அடைக்காத வயலுக்கு எரு எங்கிருந்து வரும் என்றும் கேட்டேன். 2021இல் உரம் இல்லாமல் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “உண்மைதான் அப்பா. முழுக்க நிப்பாட்ட ஏலாது எண்டதுக்காக, ஏலுமானதையும் நிப்பாட்டாம விடுறதா?” எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் வரவில்லை.

சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் புலான் மறுத்தலை எத்தனை வருடம் படிப்பித்திருப்பேன்! தின்பதற்காக உலகம் கொல்லாது என்றால், விலைக்கு ஊன் விற்பவரும் இருக்க மாட்டார் என்கிறார் வள்ளுவர். அறுப்பவனோடு அவர் நிற்கவில்லை, வாங்கித் தின்கிறவனையும் கணக்கில் சேர்க்கிறார். பரீட்சைக்கு விளக்கம் எழுத வைத்தோம். அந்தக் கணக்கைப் பாலுக்கும் தயிருக்கும் நீட்டினால் நானும் அதற்குள் வந்துவிடுகிறேன்.

ஆனால் ஒன்று. வாவியில் வலை போட்டுப் பிழைக்கிறவன் வீட்டுக்குப் போய் மீன் தின்னாதே என்று சொல்ல என் வாய் வராது. கறி வாங்க வழியில்லாத நாளில் அந்தப் பிள்ளைகளுக்கு உள்ள ஒரே சத்து இரண்டு சூடை மீன்தான். மகளும் அதை ஒத்துக்கொள்கிறாள். தெரிவு இருக்கிறவனிடம்தான் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்கிறாள். நமக்குத் தெரிவு இருக்கிறது மச்சான். பென்சன் இருக்கிறது, வளவில் முருங்கை நிற்கிறது.

நான் கோழியை விட்டுவிட்டேன். புரொயிலர் கோழி ஆறு கிழமைக்குள் குஞ்சாகி, கொழுத்து, கறியாகிவிடுகிறது. காலைக் கட்டித் தலைகீழாக மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக் கொண்டுபோகிறான், கண் திறந்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு போகிறது. அதைப் பார்த்துவிட்டு என்னால் இனிச் சாப்பிட முடியாது. பால்மாவையும் விட்டாயிற்று, இப்போது பிளேன்டீதான். மீனை விடவில்லை. விடுவேன் என்று உனக்குச் சும்மா எழுதப் போவதும் இல்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் கதவு திறந்தால் குளிர்த்திச் சடங்கு வரைக்கும் ஊரே மச்சம் தொடாமல் இருக்கிறதே, அந்த நாட்களை இன்னும் கொஞ்சம் நீட்ட முடியுமா என்று பார்க்கிறேன். தயிர்தான் பெரிய சிக்கல். அந்தப் பட்டியை நம்பி மச்சினன்மார் குடும்பங்கள் இருக்கின்றன. கடாக்கன்றைக் குறைந்த வயதில் விற்க வேண்டாம், விற்றாலும் கூட்டமாக அடைத்து ஏற்றுகிறவனுக்குக் கொடுக்க வேண்டாம் என்று மாமாவிடம் கதைத்திருக்கிறேன். யோசிக்கிறேன் என்றார். அவர் அப்படிச் சொன்னதே பெரிய விஷயம்.

இப்போது உன்னிடம் வருகிறேன். குர்பான் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது உன் கடமை, உன் நம்பிக்கை. உன் வாப்பாவை நினைத்துத்தான் எழுதுகிறேன். பெருநாளன்று உங்கள் முற்றத்தில், மாட்டின் கண்ணுக்கு முன்னால் கத்தி தீட்டினான் என்று ஒருவனை வாசலுக்கு வெளியே அனுப்பினாரே, நினைவிருக்கிறதா? கத்தியை மறைவில் தீட்டு, ஒன்று பார்க்க இன்னொன்றை அறுக்காதே, முதலில் தண்ணீர் காட்டு என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. கத்தியைக் கூர்மையாக்கு, அறுக்கும் பிராணியை நோகவிடாதே என்று நபிமொழியே இருக்கிறது என்று நீதான் எனக்கு விளக்கினாய். அப்படிப்பட்ட மார்க்கத்தில், பெருநாளுக்காகப் போகிற மிருகம் வழியெல்லாம் கழுத்து இறுகி, நாக்கு வறண்டு போவது சரியா? அறுக்கிற நேரத்துக்கு இருக்கிற ஒழுங்கு ஏற்றுகிற நேரத்துக்கும் வேண்டாமா? இதை நான் சொன்னால் வேறு மாதிரி எடுப்பார்கள். நீ சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் மிருகவதைக்கு இருக்கிற சட்டம் 1907ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்டது. அதில் தண்டம் 100 ரூபா. இன்றைக்கு 100 ரூபாவுக்கு என்ன வரும்? அந்தச் சட்டத்தை நம்பிக்கொண்டு இருக்க முடியாது. ஒரு கடிதம் எழுதுவோம், இருவரும் சேர்ந்து. உங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் எங்கள் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கருக்கும் ஒரே கடிதம், இரண்டு பேர் கையெழுத்து. மாடு ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் நிழலும் தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். லொறிக்குள் உருப்படிக்கு இவ்வளவு இடம் என்று இருக்க வேண்டும். மிருக வைத்தியர் பார்க்காமல் ஏற்றக்கூடாது. லொறியை யாராவது மறித்தால் முதல் வேலை மாட்டை இறக்கி நிழலில் கட்டுவது, சண்டை பிறகு. இதற்கு இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளாமல் விட என்ன இருக்கிறது? சந்தியில் தொட்டி கட்டுகிற சீமெந்துச் செலவு என்னுடையது, மூத்தவன் அனுப்புவான்.

வரைவை எழுதத் தொடங்கிவிட்டேன். உங்கள் பக்கத்துப் பந்தியை வெறுமையாக விட்டிருக்கிறேன், அதை நீயே எழுது. உன் கையெழுத்தை எனக்குத் தவிர ஒருவருக்கும் விளங்காது, ஆகையால் மருமகனைக் கொண்டு டைப் அடித்து அனுப்பு. வருகிற மாதம் பென்சன் அலுவலாகக் கல்முனைக்கு வருவேன், அப்படியே உன்னிடமும் வருகிறேன். தங்கச்சியிடம் சொல்லி வை, எனக்கென்று கோழி அறுக்க வேண்டாம். கத்தரிக்காய்ப் பால்கறியும் அந்த மாங்காய் ஆணமும் போதும்.

இப்படிக்கு,
உன் மச்சான்