புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது அறிந்து நிம்மதி. ஓய்வுக்குப் பிறகு ஆசையாகப் புள்ளியியல் படிக்க உட்கார்ந்தவன், "ஆர்வம் வடிந்துவிட்டது, இந்த வயதில் எதுவும் மண்டையில் நிற்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். தினமும் ஒரு அத்தியாயம், இரண்டு மூன்று முறை வாசிப்பு, முக்கியமான இடங்களில் மஞ்சள் கோடு என்று படிக்கும் விதத்தையும் சொல்லியிருக்கிறாய். வயதின் மேல் பழி போடாதே. நீ படிக்கும் முறைதான் உன் ஆர்வத்தை அரிக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகிப்போயிருக்கும். அந்தப் பழக்கத்தைத் தெரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு ஒரே பாடத்தை நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. இத்தனைக்கும், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் முதல் குழுவினர்தான்.

ஆர்வம் குறைவது இங்கேதான் தொடங்குகிறது. "என்னால் முடியும்" என்ற நம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று, தானே செய்து முடித்த அனுபவம் என்கிறார் உளவியலாளர் பண்டூரா. புரிந்ததாக நினைத்த அத்தியாயம் அடுத்த வாரம் வெறுமையாக நின்றால் அந்த நம்பிக்கை அடிவாங்குகிறது. ஆர்வம் வரட்டும், பிறகு படிக்கலாம் என்று காத்திருந்தால் அது வராது. நேற்று முடியாத ஒன்று இன்று முடிவதைக் கண்ணால் பார்த்தால் தானாக வரும்.

எனவே படிக்க உட்காரும்போது நாற்பது நிமிடம் ஒதுக்கி, அதை இப்படிப் பிரித்துக்கொள். முதல் பத்து நிமிடம் வெள்ளைத்தாள். சென்ற முறை படித்ததைப் புத்தகம் திறக்காமல் எழுது. வரவில்லை என்றதும் புரட்டிவிடாதே. ஓரிரு நிமிடமாவது முட்டிமோது. எழுதி முடித்ததும் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் திருத்து. இதை விட்டால் தவறான நினைவே வேரூன்றிவிடும். தாளில் பாதிகூட நிரம்பவில்லை என்றால் ஒரே நாளில் எடுத்த பகுதி பெரிது, அதைப் பாதியாக்கு.

அடுத்த இருபது நிமிடம் புதுப் பாடம். தீர்த்துக் காட்டிய கணக்கு ஒன்றை முழுதாகப் படி. அடுத்ததில் கடைசிப் படியை மட்டும் மறைத்துவிட்டு நீ போடு, அதற்கடுத்ததில் கடைசி இரண்டு படிகள். எடுத்த எடுப்பிலேயே வெறும் கணக்கோடு மல்லுக்கட்டினால், வழி தேடுவதிலேயே கவனமெல்லாம் செலவாகி, கற்க ஒன்றும் மிஞ்சாது.

கடைசிப் பத்து நிமிடம் பழைய அத்தியாயங்களின் கணக்குகளைக் கலந்து எடு. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், புள்ளியியலுக்கோ இதுதான் உயிர். டி-சோதனை (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் முறை) அத்தியாயத்தின் கடைசியில் இருக்கும் கணக்குக்கு டி-சோதனைதான் போடவேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. நிஜமான தரவு அப்படிச் சொல்லாது. இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடுகிறோமா, வகைவாரியாக எண்ணிக்கை பார்க்கிறோமா, இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டும். கணக்கைப் போடக்கூட வேண்டாம். எந்தச் சோதனை, ஏன் என்று ஒரு வரி எழுது. தொடக்கத்தில் நிறையத் தவறும். பழகும்போது தடுமாறுவது பிற்பாடு நினைவில் நிற்க உதவும் என்பதால் உளவியலாளர் பியோர்க் இதை "விரும்பத்தக்க கடினம்" என்கிறார்.

ஒவ்வொரு பாடத்தையும் மறுநாள், ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து என்று மீண்டும் எழுதிப் பார். ஓராண்டுக்கு நிற்கவேண்டிய விஷயத்துக்கு மூன்று வார இடைவெளி ஏற்றது என்று செப்பேடா குழுவின் 2008 ஆய்வு காட்டியது.

புத்தகத்தை முடித்தால் புதுக் கைப்பேசி என்று உனக்கு நீயே பரிசு அறிவித்திருக்கிறாயே, அதை விட்டுவிடு. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரைய ஆசையுள்ள சிறு குழந்தைகளிடம் சோதித்தார்கள். பரிசு உண்டு என்று முன்பே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பிறகு சுதந்திரமாக விட்டபோது மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. சலிப்பான வேலைக்குப் பரிசு கெடுதல் செய்யாது. பிடித்து எடுத்த பாடத்துக்கு வேண்டாம்.

உன் கடிதம் முழுக்கத் தனிமை தெரிகிறது. உளவியலாளர்கள் டெசியும் ரயனும் உள்ளார்ந்த ஊக்கத்துக்குத் தன்விருப்பம், திறன் உணர்வு, பிறரோடு பிணைப்பு என மூன்று தேவைகள் சொல்வார்கள். மூன்றாவதற்கு நான் இருக்கிறேன். வாரம் ஒரு கருத்தை எனக்கு விளக்கி எழுது. திட்ட விலக்கத்துக்கும் திட்டப் பிழைக்கும் என்ன வேறுபாடு, மாதிரியைப் பெரிதாக்கினால் இரண்டில் எது சுருங்கும் என்பதிலிருந்து தொடங்கு. புத்தகம் பார்க்காமல் எழுது. பாதியில் நின்றுபோனாலும் நின்ற இடத்தோடே அனுப்பு. அங்கிருந்து சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
முரளி