இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் கோளாறு என்று பொருளல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிப்பாங் விமான நிலையத்தில் விமானக் கதவு மூடிய பிறகும் இன்ஜின் பற்றாமல் ஓரிரு நிமிடம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால், "ஏதோ கோளாறு" என்ற பேச்சு இருக்கைக்கு இருக்கை பரவிவிடுகிறது. கோளாறு எதுவுமில்லை. இன்ஜினுக்குள் காற்றை அமுக்கும் கம்ப்ரஸரின் சுழலியில், அதாவது பிளேடுகளோடு சுற்றும் பகுதியில், விழுந்த வளைவை எடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

காற்றை அமுக்கினால் சூடேறும். 30 டிகிரியில் நுழையும் நம் ஊர்க் காற்று 40 மடங்கு அழுத்தத்தில் 600 டிகிரியைத் தாண்டிவிடும். அதனால்தான் கம்ப்ரஸரின் முன்னடுக்குகளுக்கு டைட்டானியம், சூடு மிகுந்த பின்னடுக்குகளுக்கு நிக்கல் கலவை. பிளேடுகளைத் தாங்கும் 25 செ.மீ. ஆரமுள்ள நிக்கல் வட்டு 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1.7 மி.மீ. விரியும். பிளேடு நுனிக்கும் வெளியுறைக்கும் நடுவில் விடும் இடைவெளியோ ஒரு மில்லிமீட்டர்கூட இராது! உறையும் கூடவே விரிவதால்தான் உரசாமல் ஓடுகிறது. ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் விரிவதில்லை. உறை மெல்லிய தகரம்போலச் சட்டென்று சூடேறிச் சட்டென்று ஆறும். வட்டு கனத்த தோசைக்கல், அடுப்பை அணைத்த பிறகும் சூடு விடாது.

இன்ஜினை நிறுத்தியதும் உள்ளே காற்றோட்டம் நின்றுபோகும். சூடான காற்று மேலே தங்க, சுழலியின் கீழ்ப்பக்கம் முதலில் ஆறும். மேல்பக்கம் நீண்டே இருப்பதால் நடுப்பகுதி மேல்நோக்கி வளையும். வளைவு 0.1 மி.மீ.தான் என்றாலும், அதோடு நிமிடத்துக்கு 10,000 சுற்றை எட்டினால் விலகி நிற்கும் ஒவ்வொரு கிலோவும் 11 கிலோ பாரமாக வெளியே இழுக்கும். அதிர்வு கூடும், பிளேடு நுனி உறையைச் சுரண்டும். சுரண்டிய இடைவெளி பிறகு மூடாது. அதன் வழியே காற்று கசிவதால், அந்த இன்ஜின் கழற்றப்படும்வரை கூடுதல் எரிபொருள் குடிக்கும்.

இரவெல்லாம் நின்று ஆறிய விமானத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. வந்திறங்கி ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் திரும்பக் கிளம்பும் விமானத்துக்குத்தான். எரிபொருள் விடாமல் ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றினால் சூடு எல்லாப் பக்கமும் சமமாகி, சுழலி நிமிர்ந்துவிடும். 2016இல் ஏர்பஸ் ஏ320 நியோ சேவைக்கு வந்தபோது, அதன் பிராட் அண்ட் விட்னி இன்ஜினைக் கிளப்ப 6 நிமிடம்வரை ஆனதும் இந்த வளைவால்தான். சுழலியைத் தாங்கும் பேரிங்குகளின் அதிர்வைத் தணித்து, மென்பொருளையும் மாற்றிய பிறகே நேரம் குறைந்தது.

தரையிறங்கிய பின் இன்ஜினை 3 நிமிடம் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு நிறுத்துவதும் இதே வெப்பத்துக்காகத்தான். வாயிலை எட்டியும் இன்ஜின் ஓடுகிறதே என்று பயணிகள் பொறுமையிழக்க வேண்டாம். விமான நிறுவனங்களும் அந்த நேரத்தில், "இன்ஜினைச் சீராக ஆற்றிக்கொண்டிருக்கிறோம்" என்று மலாயிலும் தமிழிலும் ஒரு வரி அறிவிக்கலாமே.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர்கள் இருவர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்