செயலாளரின் ஆண்டறிக்கை: சமையல், ஊட்டச்சத்து, உணவுப் பதப்படுத்தல் வகுப்புகள்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வகுப்புகள் மாதம் ஒருமுறை நடந்தன. அடுப்பு பழுதானதால் ஒரு மாதம் மட்டும் நடக்கவில்லை. சமையல் வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. செய்வதற்கு ஆள் குறைந்த நாளிலும் சாப்பிட ஆள் குறையவில்லை.

ஊட்டச்சத்து வகுப்பில் அதிகம் பேசப்பட்டது உப்புதான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டி அளவுகூட இல்லை. அதை ஒரு தட்டில் கொட்டிக் காட்டி, ஊறுகாய், சாஸ், பாக்கெட் தின்பண்டம் எல்லாவற்றிலும் உள்ள உப்பும் இதற்குள்தான் அடங்க வேண்டும் என்றார் பயிற்சியாளர். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இனி, சொல்லத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். பதப்படுத்தல் வகுப்பில் பீன்ஸைக் கண்ணாடி பாட்டில்களில் அடைத்து, பெரிய பாத்திரத்தில் கொதிக்கும் நீரில் வைத்து எடுத்தோம். மூடிகள் கச்சிதமாக இறுகியிருந்தன, பார்க்கவும் அழகு. அடுத்த வகுப்புக்கு வந்த பயிற்சியாளர் அலமாரியைப் பார்த்ததும் "இதில் யாராவது சாப்பிட்டீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். நல்லவேளை, யாரும் சாப்பிடவில்லை.

பாட்யுலிசம் என்ற கொடிய நச்சு நோய்க்குக் காரணமான பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரில் சாவதில்லை. காற்றில்லாத, புளிப்புக் குறைந்த இடம் அவற்றுக்குத் தோதானது. நாம் இறுக்கமாக மூடி அமைத்துக் கொடுத்தது அதைத்தான். அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு (இது கூடினால் புளிப்பு குறைவு என்று பொருள்) 4.6-க்கு மேல் உள்ள காய்கறி, இறைச்சி, மீன் எதுவானாலும் பிரஷர் கேனரில் (பாட்டில்களை அழுத்தமான நீராவியில் சூடாக்கும் பெரிய பாத்திரம்) 116 முதல் 121 டிகிரி வரை, அந்தந்த உணவுக்குச் சோதித்துச் சொல்லப்பட்ட நேரம் வைத்தாக வேண்டும். வீட்டுக் குக்கர் போதாதா என்று கேட்டோம். அது சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும், அந்த நேரக் கணக்கு அதற்குப் பொருந்தாது என்றார். சரி, திறந்து முகர்ந்து பார்த்தால் தெரியாதா? தெரியாது. நச்சு இருந்தும் வாசனையோ நிறமோ மாறாமல் இருக்கலாம். எல்லா பாட்டில்களையும் திறக்காமலே அப்புறப்படுத்தினோம். ஒரு பழைய கைக்குறிப்பைச் சரிபார்க்காமல் கொடுத்தது நான், தவறு என்னுடையது.

தக்காளியிலும் ஒரு வாக்குவாதம். புளிக்கிறதே, அதற்கு எதற்கு எலுமிச்சைச் சாறு என்று பலர் கேட்டார்கள். தக்காளி அந்த 4.6 எல்லையிலேயே நிற்கிறது, சில ரகங்கள் தாண்டியும் விடும். அதனால்தான் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு 2 மேசைக்கரண்டி சாறு. அதுவும் கடையில் புட்டியில் வருவதுதான். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும்.

பிரஷர் கேனர் வாங்கப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். புதிய நாற்காலிகள் இன்னும் ஓராண்டு காத்திருக்கலாம் என்பது என் கருத்து. கேனர் வரும்வரை ஜாம், ஊறுகாய் மட்டுமே பாட்டிலில் அடைப்போம். பீன்ஸைக் கொதிநீரில் சில நிமிடம் போட்டெடுத்து, குளிர்நீரில் ஆற்றி, ஃப்ரீசரில் வைக்கலாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அப்புறம், சங்கத்தின் பாட்டில்களை எடுத்துப் போனவர்கள் திருப்பித் தந்துவிடுங்கள். தட்டை மூடிகள் வேண்டாம். ஒருமுறை இறுகியவை மறுமுறை சரியாக அடைக்காது.