ஃபீடும் ரீல்ஸும் டிசைன் பண்ற நம்ம ஊர் பசங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓஎம்ஆர்லயும் பெங்களூர்லயும் ஆப் கம்பெனிங்கள்ல வேலை பாக்குற தம்பி, தங்கச்சிங்களுக்கு வணக்கம்.

நான் மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். டிஸ்ப்ளே மாத்த போனை குடுத்துட்டு பெஞ்சுல உக்காருறவங்கள தினமும் பாக்குறேன், போன் என் டேபிள்ல பிரிச்சு கெடக்குறது அவங்க கண்ணு முன்னாடியே தெரியுது, ஆனாலும் கை அதுபாட்டுக்கு சட்டை பாக்கெட்டை தடவும். கன்ட்ரோல் இல்லாத ஜனம்னு சொல்லிட்டுப் போறது ஈசி. ஆனா இதுல உங்க பங்கு எவ்ளோன்னு உங்களுக்கே நல்லா தெரியும்.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்னு ஒரு விஞ்ஞானி குரங்குங்களுக்கு ஜூஸ் குடுத்து, மூளையில ஆசையைத் தூண்டுற டோபமைன்ங்கற ரசாயனத்தை விடுற செல்லுங்கள அளந்து பாத்தாரு. மொதல்ல ஜூஸ் வந்தப்போ செல்லு துடிச்சுது, பழகுனப்புறம் ஜூஸுக்கு முன்னாடி எரியுற லைட்டைப் பாத்தாலே துடிச்சுது, லைட் எரிஞ்சும் ஜூஸ் வரலன்னா அப்படியே டல்லாயிடுச்சு. வருமா வராதான்னு பாதிக்குப் பாதி இருக்கறப்போதான் அந்த எதிர்பார்ப்பு உச்சத்துக்குப் போகுதுன்னு 2003ல அவங்க டீமே காட்டுனாங்க. புதுசா ஏதாவது வந்திருக்கான்னு ஃபீடை கீழ இழுத்து விட்டா ஒரு வட்டம் சுத்துதே, அந்த லைட்டும் இதுவும் ஒண்ணுதானே?

அதனாலதான் ஒருத்தர் ஸ்க்ரோல் பண்றப்போ மூஞ்சில சிரிப்பே இருக்காது, கட்டைவிரல் மட்டும் நிக்காம ஓடும். வேணும்ங்கறது வேற, புடிச்சிருக்குங்கறது வேற, மூளையில ரெண்டுக்கும் தனித்தனி வழின்னு மூளை ஆராய்ச்சியாளர் கென்ட் பெரிட்ஜ் ரொம்ப வருஷமா சொல்லிட்டு இருக்காரு.

போன் மூளையை உருக்கிடும்னு பயமுறுத்த நான் வரல. போனைத் தொடாம இருந்து மூளையில இருக்குற டோபமைனைக் கழுவிடலாம்னு, டோபமைன் டீடாக்ஸ்னு யூடியூப்ல விக்கிறாங்களே அதுவும் சுத்தப் பேத்தல், அந்த டோபமைன் செல்லுங்க செத்தா வர்றதுதான் கை கால் நடுங்குற பார்க்கின்சன் நோய், கழுவி வெளிய ஊத்துறதுக்கு அது ஒண்ணும் அழுக்கு கெடையாது. ஆனா தூக்கம் கெட்டுப் போறதும், படிச்ச பாராவையே திரும்பத் திரும்ப படிக்கிறதும் நெசம். உங்க பெங்களூர்லயே நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி 2014லயே இந்த போன், நெட் பழக்கத்துக்குன்னு தனி கிளினிக் ஆரம்பிச்சுட்டாங்க.

2006ல முடிவே இல்லாத ஸ்க்ரோலை டிசைன் பண்ண ஏசா ராஸ்கினே பின்னாடி அதுக்காக வருத்தப்பட்டாரு. நீங்களும் ரிட்டயர் ஆனப்புறம் பேட்டி குடுக்காதீங்கப்பா, இப்பவே மீட்டிங்ல வாயத் தொறங்க. ஆட்டோபிளே டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கட்டும். ஃபீடுக்கு ஒரு முடிவு வைங்க, "இன்னிக்கு இவ்ளோதான்"னு. நோட்டிஃபிகேஷன ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை மொத்தமா அனுப்புங்க. டைம் லிமிட்னு ஒண்ணு வச்சு, அதுக்குக் கீழயே "இக்னோர்" பட்டனையும் வச்சுட்டு, யூசர் கையிலதான் எல்லாம் இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க, கடுப்பாகுது. அந்த பட்டனை எங்க வச்சா அதிகமா அமுக்குவாங்கன்னு டெஸ்ட் பண்ணிப் பாக்குறதே நீங்கதானே.