செம்மணிப் பழைய ஃபைலையும் திறவுங்கோ

ஆசிரியருக்கு வணக்கம். 1998ல பள்ளிக்கூட மாணவி கிருஷாந்தியின்ர கொலை வழக்கில மரண தண்டனை கிடைச்ச ஆமிக்காரன் கோர்ட்டில நிண்டு யாழ்ப்பாணத்துச் செம்மணியில ஆக்களைப் புதைச்சுக் கிடக்கு எண்டு சொன்னவன், 1999ல கிண்டிச்சினம், 15 எலும்புக்கூடு வந்தது, பேந்து அந்தக் கேஸ் அப்பிடியே படுத்திட்டுது. 2025ல அதே செம்மணிப் பக்கம் இருக்கிற சித்துப்பாத்தி மயானத்தில கட்டட வேலைக்கு வெட்டேக்க திரும்பவும் எலும்பு, பேந்து கிண்டக் கிண்ட பள்ளிக்கூட பையும் பொம்மையும். பை நீலக்கலர், அதை நினைச்சா இப்பவும் நித்திரை வராது.

காலம் போட்டுது எண்டு ஆரும் சாட்டுச் சொல்லேலாது, எங்கட குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில மற்றக் குற்றங்களுக்குத்தான் 20 வருச எல்லை, கொலைக்கு இல்லை. அப்ப இதைத் தனியா நடத்தாம 1999 ஃபைலையும் தூசு தட்டிச் சேர்த்து விசாரிக்கட்டும், காணாமப்போன பிள்ளையளை அண்டைக்குத் தேடித் திரிஞ்ச தாய் தேப்பன்மாரில கனபேர் இப்ப உயிரோட இல்லை.

அரியாலை வாசகர்